ஒரு கை குறையுது

இந்தப் பை உன்னைய இடிக்குதா தாயி? மடியில வெச்சுக்கிறேன். வெறும் பைதான், கனமில்ல. பேத்தியோட துணிமணி, பொஸ்தகம் எல்லாம் அள்ளிக் கொண்டாரலாம்னு ரெண்டு பையா எடுத்துட்டுப் போனேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணைத் திணிச்சு அப்படியே திரும்புறேன்.

சிவகாசிக்குத்தான். நீ திருவில்லிபுத்தூர்ல எறங்கிருவியா? சரி, சரி. அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு.

அது என்னது செல்லுல, சீட்டா? அட, நெசச் சீட்டு மாதிரியே இருக்கே! எதுத்தாப்புல யாரு ஆடுறா? யாரும் இல்லையா? தனியா ஆடுறதுக்கு ஒரு சீட்டா! அப்போ தோத்தா யாரு கழுதை?

சிரிக்காத தாயி. கழுதை ஆட்டம் தெரியாதா உனக்கு? எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்னு பாயை விரிச்சா கழுதைதான். ரம்மி எல்லாம் மண்டையைப் போட்டுக் கொடையிற ஆட்டம். இதுக்கு மண்டை வேண்டாம். அஞ்சு வயசுப் பிள்ளையும் ஆடும், என்னைய மாதிரிக் கிழவியும் ஆடும். இப்பவே சொல்லித் தாரேன், அடுத்த ஸ்டாப்பு வாறதுக்குள்ள கத்துக்குவ.

கட்டு முழுசையும் எல்லாருக்கும் பங்கு போட்டுரணும். இஸ்பேட் ஆசு யாருகிட்ட இருக்கோ அவுக மொதல்ல எறக்கணும். மத்தவுகளும் இஸ்பேட்டே போடணும். அதுல பெருசு போட்டவுக அடுத்து எறக்கணும். அவுக ஆட்டின் எறக்குனா எல்லாரும் ஆட்டின். உன் கையில ஆட்டினே இல்லையா? வேற ஒரு சீட்டைத் தூக்கிப் போட்டு வெட்டிரலாம். வெட்டு விழுந்தா, பெரிய சீட்டு போட்டவுக தலையில அம்புட்டும் விடியும், அள்ளிக்கிறணும். யாரு கை காலியாகுதோ அவுக தப்பிச்சாக. கடைசியில யாரு கையில சீட்டு நிக்குதோ அவுக கழுதை. தீந்துச்சு ஆட்டம்.

கழுதைன்னா சும்மா விட்டுருவோமா? வாசல்ல நின்னு கத்தணும். எங்க நாத்தனா வீட்டுக்காரர் ஒருத்தர், தலைமை வாத்தியார், வேட்டியை மடிச்சே கட்டமாட்டாரு, அம்புட்டு கவுரவம். அவரும் ஒருதரம் மாட்டிக்கிட்டாரு. "மாமா கத்துங்க, மாமா கத்துங்க"ன்னு பிள்ளைக பிடுங்கி எடுத்துருச்சுக. வேற வழியில்லாம வாசல்ல போயிக் கத்துறாரு, தெருக்கோடியில வண்ணான் வீட்டுக் கழுதை பதிலுக்குக் கத்துது! இவரு நிறுத்துனா அது நிறுத்துது, இவரு ஆரம்பிச்சா அது ஆரம்பிக்குது. சிரிச்சு சிரிச்சு எங்க மாமியாவுக்கு பல்செட்டு கீழ விழுந்துருச்சு.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, எங்க வீட்டுல கழுதைன்னா அது வசவு இல்ல. வீட்டு ஆளுன்னு அர்த்தம்.

கத்தி முடிச்சதும் கழுதையானவுகதான் எல்லாருக்கும் காப்பி போடணும். அதுவும் சட்டம். ஆனா ஆவுடை வந்ததுக்குப் பெறகு அந்தச் சட்டம் தேவைப்படல. அவளே போட்டுருவா.

ஆவுடை யாரா? எம் மருமக தாயி. ஆவுடைச்செல்வி. எம் மகன் ராஜக்கனி பொஞ்சாதி. அவளைக் கூட்டிட்டு வாறதுக்குத்தான் இன்னைக்கு ராசபாளையம் போனேன். அவளையும் பேத்தியையும். வரமாட்டேன்னுட்டா. அத்தனை வருசம் ஒரே சட்டியில பொங்கித் தின்னுட்டு, ஒரு சீட்டு வெளாட்டை மனசுல வெச்சுக்கிட்டு வரமாட்டேங்கிறா. நீயே கேட்டுட்டு சொல்லு, இது ஞாயமா?

எங்க வீட்டுக்காரரு அச்சாபீசுல கட்டிங் மிசின்ல இருந்தாக. அங்க சீட்டு அடிப்பாக பாரு, அதுல ஓரம் கோணலாப் போனது, மை அப்புனது எல்லாத்தையும் கழிச்சுப் போட்டுருவாக. அதுல இருந்து ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கித்தான் எங்க கட்டைச் சேத்தாக. எல்லாம் கெடைச்சுச்சு, இஸ்பேட் ஏழு மட்டும் அகப்படவே இல்ல. தீப்பெட்டி லேபிள் ஒண்ணை அட்டையில ஒட்டி, பேனாவால ஏழுன்னு எழுதி வெச்சாக. அது மத்தது மாதிரி இல்லாம மொத்தமா இருக்கும். பின்னாடி இருந்து பாத்தாலே ஏழு யாரு கையில இருக்குன்னு ஊருக்கே தெரியும். எம் மக ஜெயக்கொடி இருக்காளே, அவ அதைத் தொடைக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்குவா. கள்ளி. மூத்த பிள்ளை, அதான் செல்லம்.

ஆவுடை கல்யாணமாகி வந்த மொத ஞாயித்துக்கிழமை. அவ பிறந்த வீட்டுல சீட்டே கெடையாது. அவ ஐயா சீட்டைக் கண்டா அடுப்புல போட்டுருவாராம். பிள்ளை கையில சீட்டைக் குடுத்தா, கொத்துமல்லிக் கட்டு மாதிரி மொத்தமாப் பிடிச்சுக்கிட்டு முழிக்குது. ஜெயக்கொடி சிரிக்கிறா, எனக்கு மனசு கேக்கல. நாந்தான் சொன்னேன்: "இந்தாத்தா, நீ ஒரு மாசத்துக்கு ஒப்புக்குச் சப்பாணி. சும்மா ஆடு. ஜெயிச்சாலும் கணக்கில்ல, தோத்தாலும் கணக்கில்ல. பழகுனப்பெறகு சேத்துக்கிருவோம்."

ஓடிப்பிடிச்சு வெளாடையில பொடிசுகளை அப்படித்தான சேத்துக்குவோம்? தொட்டாலும் அவுட் இல்ல, அழுகாம கூட ஓடியாரும். அது மாதிரி. எந்த மாமியா தாயி புது மருமகளுக்கு இம்புட்டு பரிஞ்சு பேசுவா?

அவளும் தலையை ஆட்டிட்டு ஆடுனா. நல்லாவே பிடிச்சுக்கிட்டா. ரெண்டாவது வாரமே இஸ்பேட் எத்தனை போச்சு, கிளாவர் யாருகிட்ட தீந்துச்சுன்னு எல்லாம் கண்ணுலயே கணக்கு வெச்சுக்குவா. மொதல்ல கையைக் காலி பண்ணிட்டு எந்திரிச்சுப் போயி காப்பி வெச்சிருவா. சில நாள் அவளே கடைசியில நிப்பா. அப்போ அவளுக்கு முந்தி நின்னவுகதான் கழுதை. அவ கணக்குல இல்லைல்ல.

ஒரு மாசம் போச்சு. அப்புறம் பிள்ளை உண்டானா. பெறகு பேறுகாலம், தொட்டில், காதுகுத்து, பள்ளிக்கூடம்... ஒம்பது வருசம் ஓடிப்போச்சு. இந்த ஒப்புக்குச் சப்பாணியை எல்லாம் யாரு தாயி நெனப்புல வெச்சிருப்பா? வாய்ப் பழக்கமாப் போச்சு. சீட்டைப் பங்கு போடையில, "அஞ்சு கை, ஆவுடைக்கு ஒண்ணு சும்மா"ன்னு சொல்லிச் சொல்லியே போடுவா ஜெயக்கொடி. அவ மட்டுமா, நானும் அப்படித்தான். திருச்செந்தூருக்கு வேன் பிடிக்கையில ஆறு பேருன்னு சொல்லிப் பிடிச்சுருவேன், அவ வந்து ஏறும்போதுதான் ஏழுன்னு தெரியும். பெறகென்ன, பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டு வருவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. அம்புட்டு நல்லவ.

பேத்திக்கு அவ ஆத்தா வெச்ச பேரு ஹர்ஷிகா. எனக்கு நாக்கு சுளுக்கிக்கிரும். நான் அரசின்னுதான் கூப்பிடுவேன். அந்த அரசியைப் பாரு, அஞ்சு வயசுல ஆட்டத்துல சேத்தோம். அதுக்கும் ரெண்டு வாரம் ஒப்புக்குச் சப்பாணிதான். மூணாவது வாரம் தோத்ததும், "கழுதை, கழுதை"ன்னு தூக்கி வெச்சு ஆடுனோம். பிள்ளை வாசல்ல நின்னு கத்துன கத்துல ராஜக்கனி கண்ணுல தண்ணி வாற மாதிரிச் சிரிச்சான். ஆவுடையும் காப்பித் தட்டோட நிலைக்கதவுல சாஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா. பாரு, பிள்ளைக்குன்னா எம்புட்டு சந்தோசம்னு நெனச்சேன்.

கடலை வாங்கவா? வேண்டாமா? சரி.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கும் அவதான் மொதல்ல முடிச்சா. ராஜக்கனி என்னைக்கும் வாயைத் தொறக்காதவன், அன்னைக்குச் சொல்றான், "அம்மா, ஆவுடை ஜெயிச்சுட்டாம்மா."

நான், "அவ கணக்குல இல்லடா, நீ எறக்கு"ன்னேன்.

சீட்டைக் கையில வெச்சுக்கிட்டே என்னையவே பாத்தான். பெறகு எறக்குனான். அவன் டைமன் ராணி எறக்க, ஜெயக்கொடி வெட்டிப்பிட்டா. அன்னைக்கு அவன்தான் கழுதை. வாசல்ல போயிக் கத்தவே மாட்டேன்னுட்டான். "ஏலே, என்னலே கோவம்"னு நாங்க எல்லாம் கேலி பண்ணுனோம்.

அதுக்கு அடுத்த புதன்கிழமை பைபாசுல அவனை லாரிக்காரன் அடிச்சுட்டான்.

...

இல்ல தாயி, ஒண்ணுமில்ல. சன்னல் வழியா தூசி விழுகுது.

பதினாறாம் நாள் விசேசம். வந்தவுக பாதிப் பேரு போயிட்டாக. வீடு கெடக்குற கெடப்புல பிள்ளைக எல்லாம் மூலைக்கு ஒண்ணா ஒடுங்கிக் கெடக்குதுக. ஜெயக்கொடிதான் கட்டை எடுத்தா, பிள்ளைகளைச் செத்த நேரம் மறக்கடிக்க. அவ மகன், மக, மாப்பிள்ளை, அரசி, அவ. அஞ்சு கை போட்டா. அரசி கேட்டுச்சு, "அத்தை, அம்மாவுக்கு?"

ஜெயக்கொடி சொன்னா, "அம்மா கணக்குல இல்லம்மா, நீ எடு."

நேரத்துக்குத் தக்கனதான சொன்னா? புருசனைப் பறிகுடுத்துப் பதினாறு நாளானவளுக்கு யாராச்சும் சீட்டு போடுவாகளா? போட்டாத்தான் ஊரு காறித் துப்பும். ஆவுடை அப்போ காப்பித் தட்டோட வந்துக்கிட்டு இருந்தா. நின்னா. தட்டைக் கீழ வெச்சா. ஒருத்தருக்கும் எடுத்துக் குடுக்கல. உள்ள போயிட்டா. ஒம்பது வருசத்துல அவ காப்பி எடுத்துக் குடுக்காம போனது அன்னைக்கு ஒருநாத்தான்.

மறுவாரம், "ராசபாளையத்துல பேண்டேஜ் துணிக் கம்பெனில வேலை சொல்லியிருக்காக அத்தே, எங்க அம்மா வீட்டுப் பக்கத்துலயே வீடு பாத்துருக்கேன்"னு வந்து நிக்கிறா. நான் கத்துனேன். "எங்க போற? இது உன் வீடு இல்லையா?"ன்னு. அவ அரசிக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தா.

இப்போ ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரருந்தான். ஜெயக்கொடி வந்தா வருவா, வராட்டா இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் அவுகளே பாயை விரிச்சு, கட்டைக் கலைக்கிறாக. கலைச்சுக்கிட்டே இருக்காக. பங்கு போடுறதில்ல. பங்கு போட ஆளு? ரெண்டு பேரு ஆடுனா அது கழுதையா? போன வாரம் எம் மூஞ்சியைப் பாக்காம சொன்னாக, "பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. போயி ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாரு." அதான் வந்தேன். வெள்ளனவே எந்திரிச்சு, காராச்சேவு நாடார் கடையில சூடா வாங்கிக்கிட்டு, கல்லுல கால் தடுக்குனதுக்குக் கூட சகுனம் பாக்காம வந்தேன்.

"வாங்கத்தே"ன்னா. முகம் கோணல, அதைச் சொல்லணும். ஒத்த அறைதான், ஆனா துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுல போயி ஒரு சேர் வாங்கிட்டு வந்து போட்டா. "எனக்கு எதுக்குத்தா சேரு, தரையில உக்காந்துக்கிறேன்"னா, "இருக்கட்டும் அத்தே, மேல உக்காருங்க"ங்கிறா. சாப்பிட்ட தட்டைக் கழுவ எந்திரிச்சா, "வைங்க அத்தே, நீங்க போயி"ன்னு பிடுங்குறா. அவியல், வடை, பாயாசம். அடேயப்பா! நம்ம வீட்டுல இருக்கையில இம்புட்டு வகையா ஒருநாளும் எனக்கு வெச்சதில்ல.

சாப்பிட்டு முடிச்சு மெதுவா ஆரம்பிச்சேன். எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. வீடு வெறிச்சுன்னு கெடக்கு, அவனும் போயி நீயும் போயி நாங்க என்ன பண்ணுவோம், அப்படின்னெல்லாம் எனக்குச் சொல்ல வராது தாயி. நாங்க வளந்த விதம் அப்படி. வெளாட்டு மாதிரிச் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை ஒரு கை குறையுதுத்தா. வந்துரு."

அவ என்னையப் பாத்தா. "நான் போயா அத்தே குறையுது? நாந்தான் எண்ணிக்கையிலயே இல்லையே."

"என்னத்தா சொல்ற?"

"ஒரு மாசம்னு சொன்னீக."

எனக்கு ஒண்ணுமே ஓடல. என்ன ஒரு மாசம்? பெறகுதான் பொறி தட்டுச்சு. "அடிப்பாவி! அதையா இம்புட்டு நாளா நெஞ்சுல வெச்சிருக்க? நீ ஒரு வார்த்தை கேட்டுருந்தா அன்னைக்கே சேத்துருப்போமே!"

"கேட்டு வாங்குறதா அத்தே அது?"ன்னா. "எல்லாரும் கழுதையாயி வாசல்ல போயிக் கத்துவீக. எம் மகளைக் கூடக் கூப்பிட்டீக. எனக்கும் ஒருநாள் சொல்வீக, சொல்வீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாதி நாளு வேணும்னே பெரிய சீட்டா எறக்கி, வெட்டு வாங்கி, அள்ளிக்கிட்டுக் கடைசியில நிப்பேன். யாருமே திரும்பிக்கூடப் பாக்கமாட்டீக."

கேட்டியா தாயி? கழுதைன்னு சொல்லலையாம்! அதுக்கு ஒரு மனத்தாங்கலா? ஊருல மருமகளைக் கழுதைன்னு வஞ்சாத்தான் பஞ்சாயத்து. இங்க வையலைன்னு பஞ்சாயத்து.

சரி, பிள்ளை எதோ நெனச்சுக்கிருச்சு, பெரியவ நாம விட்டுக்குடுப்போம்னு, சேரை விட்டு எந்திரிச்சு அவ தலையில கை வெச்சுச் சொன்னேன். "இந்தா, இன்னையிலருந்து நீ ஆட்டத்துல உண்டு. நான் சொல்லிட்டேன். போதுமா? பொட்டியைக் கட்டு."

அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சா. "அவுக இருக்கையில ஒருநாள் சொல்லியிருந்தா போதும் அத்தே. அந்த ஞாயித்துக்கிழமை மாடிக்குப் போனப்பெறகு எங்கிட்ட சொன்னாக, 'அடுத்த வாரம் நானே அம்மாகிட்டப் பேசுறேன் ஆவுடை. பாயை விரிக்கிறதுக்கு முந்தியே பேசிருதேன்'னு."

லாரிக்காரனுக்குத் தெரியுமா அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குன்னு.

அந்நேரம் அரசிதான் கட்டைத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. "பாட்டி, ஒரே ஒரு ஆட்டம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு"ன்னு. புதுக் கட்டு, ஆத்தா மக ரெண்டு பேருக்கும்னு வாங்கியிருக்காக. அம்பத்திரெண்டும் ஒரே மாதிரி வழவழன்னு. மூணு கை போட்டுச்சு. எனக்கு நெஞ்சு குளுந்துருச்சு தாயி. சரி, வெளாட்டுல எல்லாம் சரியாயிரும், எங்க வீட்டுல எத்தனை சண்டை பாயில முடிஞ்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்தேன். சேரைத் தள்ளிட்டுத் தரையிலதான்.

அப்பதான் தாயி அவ ஆடுறதையே நான் பாத்தேன். அத்தனை வருசம் எதுத்தாப்புல உக்காந்து ஆடியிருக்கா, நான் எறக்குறதுக்கு முந்தியே அவ கண்ணுக்குத் தெரியுது என்ன வரும்னு. ஒரு வெட்டு, அள்ளுனேன். இன்னொரு வெட்டு, அள்ளுனேன். கையில பிடிக்க முடியல, சீட்டு சரியுது. அவ காலி பண்ணிட்டா. அரசியும் கடைசிச் சீட்டை வீசிட்டுத் துள்ளி எந்திரிச்சுச்சு. என் கையில கட்டுல பாதி நிக்குது.

நெசமாச் சொல்றேன், எனக்குச் சந்தோசம். எப்பவோ கல்யாணமான புதுசுல கத்துனது. வாசலைக் கூடப் பாத்து வெச்சுட்டேன், எங்க நின்னு கத்துறதுன்னு. தெருவுல நாலு பேரு பாத்தா பாக்கட்டும். அரசி கையை நீட்டி, "பாட்டி கழு—"ன்னு ஆரம்பிச்சுச்சு.

ஆவுடை பிள்ளை வாயைப் பொத்திட்டா.

அதட்டவெல்லாம் இல்ல. மெதுவாத்தான் சொன்னா. "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. நம்ம வீட்டுக்கு வந்துருக்காகல்ல."

நான் சொன்னேன், "ஏத்தா, பிள்ளை சொல்லட்டும், நான் கத்துறேன்." அவ சீட்டை எங்கையில இருந்து ஒண்ணு ஒண்ணா வாங்கி அடுக்குனா. "அரசி, நீ சொல்லு தாயி, பாட்டி கத்துறேன் பாரு"ன்னேன். பிள்ளை அவ ஆத்தா மூஞ்சியைப் பாத்துச்சு, எம் மூஞ்சியைப் பாத்துச்சு. "பரவாயில்ல பாட்டி, சும்மாதான ஆடுனோம்"னுச்சு.

"நாலரை வண்டியை விட்டா பெறகு கூட்டமா வரும் அத்தே"ன்னு அவதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டா. சன்னலோரமா எடம் பிடிச்சுக் குடுத்தா. டிரைவர்கிட்ட, "பெரியவுக வாறாக, பாத்து எறக்கிவிடுங்க"ன்னா. தண்ணி பாட்டிலு வாங்கிக் குடுத்தா. ஒரு மரியாதைக் கொறைச்சல் சொல்ல முடியாது.

உன் ஸ்டாப்பு வந்துருச்சோ? ஆமா, கோபுரம் தெரியுது. எந்திரி தாயி, படியில பாத்து. இரு, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீ படிச்ச பிள்ளை. தோத்தது நாந்தான? சீட்டு அம்புட்டும் எங்கையிலதான நின்னுச்சு? நெசமான தோல்வி, ஒளிவு மறைவு இல்லாத தோல்வி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னையக் கழுதைன்னு சொன்னா அவுகளுக்கு என்ன தாயி கொறைஞ்சிரும்?